தொலைநிலைக் கல்வி: மேடையில் விருது, கோர்ட்டில் வழக்கு

காது கேளாத ஒரு பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் பாடப்புத்தகம் நாம் நினைக்கிற அளவுக்கு எளிய துணை அல்ல. அவன் யோசிக்கும் மொழி கையிலும் முகபாவத்திலும் இருக்கிறது. புத்தகத்தின் மொழி, அது இந்தியோ ஆங்கிலமோ தமிழோ, அவன் கேட்டே இராத ஓசைகளை எழுத்தில் பிடித்து வைத்தது. அறிவியலைப் படிப்பதற்கு முன் அவன் ஒரு வேற்று மொழியைக் கடந்தாக வேண்டும்.

டில்லியை ஒட்டிய நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தது. என்.ஐ.ஓ.எஸ். என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். பாடங்களை இந்திய சைகை மொழியில் வீடியோவாகத் தயாரித்தது. சைகை மொழியையே பத்தாம் வகுப்பு நிலையில் தனிப் பாடமாகவும் வைத்தது. 2021-ல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசு இதற்காகவே இந்த நிறுவனத்தைத் தேடி வந்தது. தென் கொரிய அரசின் நிதியுதவியுடன் 1989-ல் ஏற்படுத்தப்பட்ட பரிசு இது. கொரிய மொழிக்கு எழுத்து வகுத்துக் கொடுத்த 15-ம் நூற்றாண்டு மன்னரின் பெயரில் வழங்கப்படுகிறது. எழுத்துக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்கு வழி செய்த நிறுவனத்துக்கு அந்த மன்னரின் பெயரில் பரிசு கிடைத்தது பொருத்தம்தான்.

அதோடு நிற்கவில்லை. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட பி.எம். இ-வித்யா திட்டத்துக்காக என்.சி.இ.ஆர்.டி.யின் கல்வித் தொழில்நுட்ப மையத்துக்கு யுனெஸ்கோவின் இன்னொரு பரிசு கிடைத்தது. பஹ்ரைன் மன்னர் ஹமத் பெயரிலான இந்தப் பரிசு 2022 ஜூனில் பாரீசில் தரப்பட்டது. வகுப்புக்கு ஒரு சேனல் என்று 12 டி.வி. சேனல்கள், பாட வீடியோக்கள், வானொலி என எல்லாம் சேர்ந்த திட்டம் அது.

ஆக, உலக மேடையில் இந்தியத் தொலைநிலைக் கல்விக்குக் குறைவில்லாத மரியாதை. உள்ளூரில்தான் கதை வேறு. சைகை மொழிக்காகப் பரிசு வாங்கிய அதே நிறுவனம் கொடுத்த சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் கதை 2017-ல் ஆரம்பிக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்டில் திருத்தப்பட்டது. ஆசிரியர் பயிற்சி பெறாமல் பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 2019 மார்ச் 31-க்குள் பயிற்சி முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும். இத்தனை பேரைச் சேர்த்துக்கொள்ளப் பயிற்சிப் பள்ளிகளில் இடம் கிடையாது. அதனால் பொறுப்பு என்.ஐ.ஓ.எஸ். தலையில் விழுந்தது. பாடங்கள் 'ஸ்வயம்' இணையதளத்திலும் டி.வி.யிலும் வந்தன. நேரடி வகுப்புகளும் நடந்தன. 18 மாதத்தில் தொடக்கக் கல்விப் பட்டயம். நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பகலில் வகுப்பெடுத்துவிட்டு இரவில் தானே மாணவராக உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதிய ஆசிரியர்கள் இவர்கள். கணக்கைப் பார்த்தால், உலகத்தில் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பேருக்குப் பயிற்சி கொடுத்த திட்டங்கள் அபூர்வம்.

படித்து முடித்தவர்களுக்குப் பழைய வேலை நிலைத்தது. அந்தச் சான்றிதழை நம்பிப் புதிய வேலைக்கு மனுப் போட்டபோதுதான் முட்டுக்கட்டை. 18 மாதப் படிப்பு இரண்டு வருடப் படிப்புக்குச் சமமா? பீகாரில் கேள்வி எழுந்தது. புதிய நியமனத்துக்குச் செல்லாது என்றது ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சில். 2020 ஜனவரியில் பாட்னா ஹைகோர்ட் ஆசிரியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில், உத்தராகண்ட் வழக்கு ஒன்றில், 18 மாதப் பட்டயம் இரண்டு வருடப் பட்டயத்துக்கு ஈடாகாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கடைசியில் 2024 டிசம்பரில் அதே கோர்ட் விளக்கம் கொடுத்தது. 2017 ஆகஸ்ட் 10-ல் வேலையில் இருந்து, கெடுவுக்குள் படித்து முடித்தவர்களுக்கு அந்தப் பட்டயம் செல்லும். அவர்கள் வேறு இடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். நிம்மதிதான். ஆனால் படிப்பு முடிந்து அதற்குள் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வேலைக்கான வயது வரம்பு அதுவரை காத்துக்கொண்டிருப்பதில்லை.

'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். திறமையைப் பாராட்டி மாலை போடுவது ஒன்று. சான்றிதழ் செல்லும் என்று முத்திரை குத்துவது இன்னொன்று. இந்தியத் தொலைநிலைக் கல்வி முதலாவதை எளிதாக வாங்குகிறது, இரண்டாவதுக்கு மல்லுக்கட்டுகிறது.

இந்தச் சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் யோசனைப்படி டில்லி பல்கலைக்கழகம் 1962-ல் தபால்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் இறங்கியது. அண்ணாமலையும் சென்னையும் பின்தொடர்ந்தன. 'கரெஸ்பாண்டென்ஸ் கோர்ஸ்' என்பது நம் வீடுகளில் வங்கிக் குமாஸ்தாவும் திருமணமான பெண்ணும் பட்டம் வாங்கும் வழியாக இருந்தது. அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். தபாலில் வந்தது பெரும்பாலும் கல்லூரி நோட்ஸின் சுருக்கம். அதைப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும், அவ்வளவே. தரத்தைப் பற்றி யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாத காலம் அது.

மாற்றம் ஹைதராபாத்திலிருந்து வந்தது. 1982-ல் அங்கே தொடங்கிய ஆந்திரப் பிரதேச திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இன்று அது அம்பேத்கர் பெயரில் இயங்குகிறது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி, அரசியல் அறிவியல் பேராசிரியர். 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, உருவானபோது அதைக் கட்டியெழுப்பும் பொறுப்பும் அவரிடமே வந்தது. மேலாண்மைப் பட்டயம், தொலைநிலைக் கல்விப் பட்டயம் என்று இரண்டே படிப்புகளுடன், 4,528 மாணவர்களுடன் 1987-ல் இக்னோ வகுப்பைத் தொடங்கியது. ராம் ரெட்டி பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் இருந்து 1995-ல் காலமானார். தபால்வழிப் படிப்பை இரண்டாந்தரமாகப் பார்த்த பல்கலைக்கழக உலகத்தில், அந்தத் துறையிலிருந்து வந்த ஒருவர் மானியக் குழுவின் நாற்காலியில் உட்கார்ந்ததே ஒரு பதில்.

இக்னோவின் முதல் பெரிய சாதனை சேட்டிலைட்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. புத்தகம். ஆசிரியர் எதிரில் இல்லாத இடத்தில் புத்தகமே ஆசிரியராக வேண்டும் என்பதை அது நிஜமாகவே எடுத்துக்கொண்டது. பாடம் ஒருவர் எழுதிக் கொடுத்து அச்சுக்குப் போவதில்லை. பாடத்திட்டம் வகுக்க ஒரு குழு, எழுதப் பல பல்கலைக்கழகங்களிலிருந்து அறிஞர்கள், சரிபார்க்க ஒரு ஆசிரியர், அதைத் தனியே படிக்கும் மாணவருக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவர இன்னொருவர், மொழியைத் திருத்த மற்றொருவர். இந்தப் பெயர்களெல்லாம் ஒவ்வொரு புத்தகத்தின் முன்பக்கத்திலும் இருக்கும். பாடம் 'பிளாக்' என்றும் அதற்குள் 'யூனிட்' என்றும் பிரிந்திருக்கும். தொடக்கத்திலேயே இதைப் படித்தால் உனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். சில பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு கட்டம்: இதுவரை புரிந்ததா, எழுதிப் பார். விடை பின்னால்.

சின்ன விஷயமாகத் தோன்றலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிற ஒரு பெண்ணுக்கு, தனக்குப் புரிந்ததா இல்லையா என்று சொல்ல அந்தக் கட்டத்தை விட்டால் வேறு யாரும் இல்லை.

காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து 1988-ல் கனடாவின் வான்கூவரில் அமைத்த 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்' அமைப்பு 1993-ல் இக்னோவைத் தொலைநிலைக் கல்வியின் சிறப்பு மையமாக அறிவித்தது. 1999-ல் அதே அமைப்பு சிறந்த பாடப் புத்தகங்களுக்கான விருதையும் கொடுத்தது. இதைவிடப் பெரிய விருது ஒன்று உண்டு. டில்லி முகர்ஜி நகரிலும் சென்னை அண்ணா நகரிலும் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர்கள் இக்னோவின் வரலாறு, பொது நிர்வாகம், சமூகவியல் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள். ரெகுலர் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவர்களும் இதில் அடக்கம். தபால்காரர் கொண்டுவந்து போட்ட புத்தகத்துக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? இப்போது அவை 'இ-ஞானகோஷ்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சுப் புத்தகம் வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டணத்தில் 15 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. ஆனால் சார்ஜ் தீர்ந்துபோன போனில் அடிக்கோடு போட முடியாது.

புத்தகத்துக்குக் கிடைக்காத வெளிச்சம் எப்போதும் கருவிகளுக்குக் கிடைக்கும். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்க சேட்டிலைட் ஒன்றை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினோம். அதை ஒட்டி குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நடந்த டி.வி. திட்டம் கிராமத் தகவல் தொடர்புக்காக 1984-ல் யுனெஸ்கோ பரிசு பெற்றது. கிராமத்து ஜனங்களின் பிரச்னைகளையே நிகழ்ச்சியாக்கியதுதான் அதன் பலம். 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே 'எஜுசாட்' பறந்தது. 2010-ல் அதன் காலம் முடிந்தது. ராக்கெட் கிளம்பும் படம் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. கீழே எத்தனை பள்ளிகளில் ரிசீவர் வேலை செய்தது என்ற கேள்விக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கருவி சின்னதாக இருந்து காரியம் பெரிதாக நடந்த இடம் தேனி. காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் விவசாயிகளுக்காக நடத்திய வாழ்நாள் கல்வித் திட்டத்தில், தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற தொண்டு நிறுவனத்தோடு சுமார் 300 பெண்கள் 2008 வாக்கில் சேர்ந்தார்கள். ஆடு வளர்க்க பேங்க் கடன் வேண்டும். மனுவை அவர்களே தயாரித்தார்கள். ஆளுக்கு ஒன்பது பெட்டை ஆடு, ஒரு கிடா, ஒரு மொபைல் போன். ஆட்டுக்கான கடனில் போன் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். போன்தான் வகுப்பறை. இஃப்கோ கிசான் சஞ்சார் நிறுவனத்தின் வழியாகத் தினமும் சில குரல் செய்திகள் வரும். எந்த ஆட்டைப் பார்த்து வாங்குவது, என்ன தீவனம், எந்தப் பருவத்தில் என்ன நோய் என்று அவர்களுக்குப் பழக்கமான பேச்சிலேயே இருக்கும். மேய்ச்சலுக்குப் போனவள் நடந்துகொண்டே கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மேய்கிற ஆட்டை விட்டுவிட்டு ஒரு பெண் மூன்று மணி நேர வகுப்பில் உட்கார முடியாது. வகுப்பு அவள் பின்னாலேயே மலைக்குப் போனது. வெளிநாட்டுக் கல்வி ஆய்விதழ் வரை இந்தத் திட்டம் பேசப்பட்டது.

இங்கே சமன்பாட்டுத் தகராறு எழவில்லை. ஆடு யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை.

திகார் சிறையிலும் இதுபோல ஒரு கதவு திறந்தது. 1994-ல் அங்கே இக்னோவின் கல்வி மையம் தொடங்கியது. பிறகு வேறு பல சிறைகளுக்கும் அது பரவியது. கைதிகளுக்குக் கட்டணமும் ரத்தானது. கல்லூரிக்குப் போக முடியாதவர்கள் என்று பேசும்போது நாம் நினைத்துப் பார்க்காத கூட்டம் அது. என்.ஐ.ஓ.எஸ்.ஸின் தேர்வு முறையையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து வருடம், ஒன்பது வாய்ப்பு. ஒரு பாடம் தேறினால் அது கணக்கில் நிற்கும். மீதியை அடுத்த முறை எழுதலாம். 'ஃபெயில்' என்ற சொல் ஒரு பிள்ளையை வீட்டுக்குள் முடக்கிப் போடும் நாட்டில் இதைக் கண்டுபிடிப்பு என்றே சொல்ல வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பு வேறொரு பூட்டை உடைத்தது. ஜே.இ.இ. கிடையாது. நான்கு வாரம் பாடம் படித்து, அதிலேயே தகுதித் தேர்வு எழுதித் தேறினால் இடம். பாடம் வீட்டில், பரீட்சை மட்டும் நேரில். நடுவில் நிறுத்தினால் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் அல்லது பட்டயம். வார்ட்டன்-கியூ.எஸ். அமைப்பின் 2022-க்கான விருதுகளில் இதற்கு வெள்ளி கிடைத்தது. ஐ.ஐ.டி. பெயர் இருப்பதால் இதை யாரும் தபால் படிப்பு என்று இளக்காரமாகச் சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முறை ஒன்றுதான், முகவரி வேறு.

சந்தேகப்படுகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொலைநிலைக் கல்வியின் பெயரைக் கெடுத்தவர்கள் அதற்குள்ளேயே இருந்தார்கள். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதியில்லாமல் இன்ஜினீயரிங் பட்டத்தையே தொலைநிலையில் கொடுத்தன. லேபுக்குப் போகாத இன்ஜினீயர்! 2017 நவம்பர் 3-ல் சுப்ரீம் கோர்ட் அதற்கு முடிவு கட்டியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால் மட்டுமே திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து, கட்டணம் வாபஸ். சி.பி.ஐ. விசாரணைக்கும் உத்தரவு. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்கள் நாற்பது வயதில் மறுபடி பரீட்சை ஹாலுக்குப் போனார்கள். சேர்த்துக்கொண்டது பல்கலைக்கழகம், பார்த்துக்கொண்டிருந்தது கண்காணிப்பு அமைப்பு, தண்டனை மட்டும் மாணவனுக்கு.

அதற்கு முன்பே தமிழ்நாட்டில் ஒரு அதிர்ச்சி. பட்டப்படிப்பு படிக்காமல் நேராகத் திறந்தநிலையில் எம்.ஏ. படிக்கும் வழி ஒரு காலத்தில் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், அப்படிப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்துத் திறந்தநிலையில் பட்டம் பெற்றால் மட்டுமே அரசு வேலைக்குச் செல்லும் என்று தமிழக அரசு ஆணை போட்டது. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் கல்லூரி என்பதுதான் 'திறந்தநிலை' என்ற சொல்லின் உயிர். அந்த உயிரைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. தரத்தைக் காக்கும் அவசியம் புரிகிறது. ஆனால் பிளஸ் டூ இல்லாமலே ஒரு லாரி டிரைவர் பி.ஏ. பாடங்களில் நேர்மையாகப் பரீட்சை எழுதித் தேறினால் அவர் கற்றதில் எது குறைந்தது என்பதற்கு இன்னும் திருப்தியான பதில் இல்லை.

விருதுக் குழுக்கள் எதைப் பார்க்கின்றன? பெரும்பாலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், என்ன தொழில்நுட்பம், பாடம் எப்படி இருக்கிறது. 2020-21-ம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு தொலைநிலையில் 45.71 லட்சம் பேர் படிப்பதாகச் சொன்னது. உயர்கல்வியில் பத்தில் ஒருவருக்கு மேல். சேர்ந்தவர்களின் கணக்கு இது. எத்தனை பேர் முடித்தார்கள் என்பதைப் பல்கலைக்கழகங்கள் விளம்பரப்படுத்துவதில்லை. நடுவழியில் விட்டுப் போனவர்களில் பெரும்பாலோருக்குப் பாடம் புரியாதது காரணமாக இருக்காது. அசைன்மென்டைத் திருத்தி யாரும் ஒரு வரி எழுதி அனுப்பாதது, பார்சல் பரீட்சைக்குப் பிறகு வந்தது, ரிசல்ட்டில் ஒரு பாடம் காணாமல் போய்ப் பிராந்திய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தது ஆகியவைதான் காரணமாக இருக்கும்.

இக்னோவின் பல படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 சதவீத மதிப்பெண். மதிப்பெண்ணைவிட ஓரத்தில் எழுதப்படும் குறிப்புதான் அதன் நோக்கம். மாணவருக்கும் ஆசிரியருக்கும் நடக்கும் ஒரே உரையாடல் அது. ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு கல்லூரியின் மரபெஞ்சில் உட்கார்ந்து, சொற்பப் படிக்காசுக்குக் கட்டுக்கட்டாகத் திருத்துகிற விரிவுரையாளர் 'நன்று' என்று ஒரு சொல்லில் முடிப்பதும் உண்டு, பக்கத்தின் ஓரம் நிறைய எழுதுவதும் உண்டு. இரண்டாமவரைத் தேடிப் பிடித்து மேடையேற்றினால் தொலைநிலைக் கல்விக்கு இன்னொரு சேட்டிலைட்டைவிட அதிகம் கிடைக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

2021-ல் இக்னோ 'நாக்' மதிப்பீட்டில் ஏ++ பெற்றது. 2022 செப்டம்பரில், அனுமதி பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் தரும் பட்டங்கள் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. அறிவித்தது. அதன் பிறகும் தனியார் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களில் 'முழுநேர ரெகுலர் பட்டம் மட்டும்' என்ற வரி தென்படத்தான் செய்கிறது. யு.ஜி.சி.யின் அதிகாரம் கம்பெனி வாசல்வரை நீளாது.

சேர நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது விருதுப் பட்டியலை அல்ல. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்த நிறுவனத்தின் எந்தப் படிப்புக்கு எந்த ஆண்டு அனுமதி என்று பட்டியல் வெளியிடுகிறது. போன வருடம் அனுமதி இருந்தது என்பது இந்த வருடத்துக்குப் பொருந்தாது. 2024 முதல் சேர்க்கைக்கு 'டெப் ஐ.டி.' என்ற எண்ணும் கட்டாயம். கிரெடிட் வங்கிக் கணக்கோடு இணைந்த இந்த எண்ணை மாணவரே இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அந்த எண் இல்லாமலே சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் சென்டரில் பணத்தைக் கட்டாமல் திரும்பி வந்துவிடலாம்.